பக்கத்துக்கு ஒரு தப்பு

திறந்து பார்த்திருக்கவே கூடாது. கனிஷ்கா அம்மா, நாளை காலை பிரேயருக்கு முன் வந்து என்னைப் பார்க்கவும், ஹோம்வொர்க் சம்பந்தமாக, என்று மூன்றாம் வகுப்பு ஜெசிந்தா மிஸ் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். அதுவும் எல்லா அம்மாக்களும் இருக்கிற குரூப்பில் இல்லை, தனியாக. குரூப்பில் வந்திருந்தால் மற்றவர்களோடு சேர்ந்து ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு அரிசி களையப் போயிருக்கலாம். தனியாக வந்திருக்கிறதே என்று பதறி, சசிரேகா ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் தொட்டுவிட்டாள். தொட்டதும் திறந்துகொண்டது. திறந்ததும் அந்தப் பக்கத்தில் இரண்டு டிக்கும் நீலமாகியிருக்கும். பார்த்துவிட்டாள், பதில் போடவில்லை என்று மிஸ் இந்நேரம் நினைத்திருப்பார். சரி மிஸ் என்று இரண்டு வார்த்தை அனுப்ப எவ்வளவு நேரமாகிவிடும்? ஆனால் சரி என்று சொல்லிவிட்டால் எல்லாவற்றுக்கும் சரி என்று ஆகிவிடுமே. எதற்காக மிஸ் என்று கேட்கலாமென்றால், எதற்காக என்று தெரியாத மாதிரி கேட்கிறாள் பார் என்று அவருக்குத் தோன்றலாம். சசிரேகாவுக்கு எதற்காக என்று தெரியும். அரிசிப் பாத்திரத்தின் விளிம்பைப் பிடித்திருந்த தன் இடது கையைப் பார்த்தாள். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி அது அங்கே இருந்தது. செய்வதையெல்லாம் செய்துவிட்டு எப்படி இருக்கிறது பார் என்று அதன் மேல் அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

கூடத்தில் கனிஷ்கா வேனிலிருந்து இறங்கி வந்த கோலத்திலேயே, ஒரு காலில் சாக்ஸும் ஒரு காலில் வெறுமையுமாக, தரையில் உட்கார்ந்திருந்தாள். கழற்றிய சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு அதோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மிஸ் இன்றைக்கு என்ன சொன்னாங்க என்று கேட்கலாமா? கேட்டால் குழந்தை ஏன் கேட்கிறாய் என்பாள். சும்மாதான் என்றால் நம்பமாட்டாள், சும்மா கேட்கிற குரல் சசிரேகாவுக்கு வராது. பையைத் திறந்து ஸ்நாக்ஸ் டப்பாவை எடுத்தாள். முறுக்கு அப்படியே இருந்தது. போன வாரம் பிஸ்கட் வைத்தாள், அதுவும் அப்படியே வந்தது. சுண்டல் வைத்தாள், அது ஊசிப்போய்த் திரும்பி வந்தது. ஏன்டி சாப்பிடல என்றால் நேரம் இல்லம்மா என்கிறாள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இண்டர்வெல்லில் முறுக்குத் தின்ன நேரமில்லாமல் அப்படி என்ன கலெக்டர் வேலை? பசி இல்லையோ, பசி இல்லையென்றால் உடம்பில் ஏதாவது இருக்குமோ, உடம்பில் இருந்தால் முகத்தில் தெரியாதா, பெற்றவளுக்குத் தெரியாமல் போகுமா என்று மனசு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி செய்தியிலேயே வந்து நின்றது. பிரேயருக்கு முன் என்றால் எத்தனை மணிக்கு? பிரேயர் ஒன்பதுக்கு. அப்படியென்றால் எட்டரைக்கு அங்கே இருக்க வேண்டும், வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டரில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிரேயருக்கு முன் என்றால், ஒருவேளை பிரேயரிலேயே நிற்கவைப்பதற்காக இருக்குமோ? சே, அப்படியெல்லாம் செய்யமாட்டார். செய்யமாட்டாரா? ஜெசிந்தா மிஸ் அடிக்கிறவர் இல்லை, திட்டுகிறவரும் இல்லை, அமைதியாகப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பேசாமல் இரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் போலிருக்கும்.

எல்லாம் அந்த அம்மையில் ஆரம்பித்தது. போன வருஷம் கனிஷ்காவுக்கு அம்மை போட்டு, வேப்பிலையும் இளநீருமாகக் கிடந்து எழுந்தபோது, எழுதாமல் விட்டுப்போன ஹோம்வொர்க் மலை மாதிரி சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் முடித்துத் தரச் சொல்லிவிட்டார்கள். பிள்ளைக்கோ கையைத் தூக்கவே தெம்பில்லை, விரல் இடுக்கில்கூடப் பொருக்கு. இந்தக் கையால் எழுது என்று எந்த அம்மா சொல்வாள்? சசிரேகா தானே உட்கார்ந்து எழுதினாள். வலது கையில் எழுதினாள், அழகாக எழுதினாள், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள், கொஞ்சம் பெருமையோடேயே எழுதினாள் என்றும் சொல்ல வேண்டும். நோட்டு திரும்பி வந்தபோது பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கேள்விக்குறி இருந்தது. ஒரு வார்த்தை இல்லை, வெறும் கேள்விக்குறி. அத்தோடு விட்டிருக்கலாம், புத்தியுள்ளவள் விட்டிருப்பாள். இவள் இடது கைக்குப் போனாள். ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்து முடித்த நேரத்தில், பழைய டோக்கன் தாள்களின் பின்பக்கத்தில், இடது கையால் ஒன்று இரண்டு மூன்று எழுதிப் பழகினாள். ஐந்து தலைகீழாக வந்தது, எட்டு படுத்துக்கொண்டது. வரட்டும், படுக்கட்டும், குழந்தை எழுத்து அப்படித்தான் இருக்கும். அப்புறம் இன்னொரு பயம் வந்தது. எல்லாக் கணக்கும் சரியாக இருந்தால் சந்தேகம் வராதா? அதனால் பக்கத்துக்கு ஒரு தப்பு என்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். அதையும் கண்டபடி வைப்பதில்லை. கழித்தலில் கடன் வாங்கிவிட்டு, வாங்கிய இடத்தில் குறைக்க மறந்த தப்பு. கூட்டலில் மனசுக்குள் வைத்த ஒன்றைச் சேர்க்காமல் விட்ட தப்பு. குழந்தைகள் எங்கே தடுக்கி விழுமோ அங்கே பார்த்து விழுவாள். சரியாகப் போடுவதைவிட இப்படிப் பொருத்தமாகத் தப்புப் போடுவதற்கு அதிக நேரம் பிடித்தது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனையோ மாதமாகிவிட்டது. வேறொரு வகுப்புக்கும் வந்தாகிவிட்டது. இடது கை மட்டும் நிற்கவில்லை.

ஏன் நிற்கவில்லை என்று அவளையே கேட்டால் ஆயிரம் சொல்லுவாள். பிள்ளை மெதுவாக எழுதுகிறாள், அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கிறாள், ராத்திரிச் சாப்பாடு தள்ளிப்போகிறது, வீட்டிலேயே பள்ளிக்கூடம் என்றால் வீடு எதற்கு என்றெல்லாம். அதெல்லாம் வெளியே சொல்வது. உள்ளே இருப்பது ஓர் அடி ஸ்கேல். மரத்தில் செய்தது, ஒரு ஓரத்தில் மை கொட்டிக் கறுத்துப்போனது. துறையூர் வீட்டில் அப்பா ஈஸிசேரில் உட்கார்ந்து மடியில் வைத்திருப்பார். ஏழாம் வாய்ப்பாடு. ஏழேழு நாற்பத்தொன்பது வரை வண்டி ஓடும், ஏழெட்டுக்கு வந்ததும் நின்றுவிடும். நின்றதும் விரல் முட்டியில் விழும். அடி வலித்ததா என்று இப்போது ஞாபகமில்லை, விழப்போகிறது என்று நின்ற நேரம்தான் ஞாபகம் இருக்கிறது. ஒருநாள் அந்த நேரத்திலேயே பாவாடை நனைந்துவிட்டது. அம்மா துணி கொண்டுவந்து தரையைத் துடைத்தாள். அப்பா காலைத் தூக்கிக்கொண்டு துடைக்க வழிவிட்டார். துடைத்து முடிந்ததும், ம், ஏழெட்டு, என்றார். நல்ல மனுஷன்தான். காய்ச்சல் வந்தால் விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பார். திருச்சிக்குப் போய் வந்தால் மறக்காமல் பூந்தி வாங்கி வருவார். இப்போதும் போனில் பேசும்போது பேத்தி நல்லாப் படிக்கிறாளா என்று கேட்டுவிட்டு, நான் அடிச்சதாலதான் நீ கணக்குல புலி என்பார். அவள் கணக்கில் புலிதான். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள், அதைச் சொல்லும்போது விரல் முட்டி இன்றைக்கும் மடங்குகிறது. அடித்ததால் வந்ததா, அடிக்காவிட்டாலும் வந்திருக்குமா என்று யாரிடம் போய்க் கேட்பது? என் பிள்ளை ஹோம்வொர்க்குக்கு அழக்கூடாது என்று கனிஷ்கா வயிற்றில் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டாள். கனிஷ்கா அழுததே இல்லை. ஆனால் கணக்குத் தெரியுமா என்றால் அதுவும் சசிரேகாவுக்குத் தெரியாது.

இதை நினைத்ததும் அவள் குக்கருக்கு வெயிட் போடாமலே அடுப்பை ஏற்றிவிட்டிருப்பதைக் கவனித்தாள். போட்டாள். தெரியுமா, தெரியாதா? ஒரு கணக்குக் கொடுத்துப் போடச் சொன்னால் தெரிந்துவிடும், அதற்கு ஜோசியமா பார்க்க வேண்டும்? ஆனால் இத்தனை மாதமாகக் கொடுத்துப் பார்த்ததில்லை. ஸ்கேன் சென்டரில் சிலர் ரிப்போர்ட் கவரை வாங்கிக்கொண்டு பிரிக்காமலே படி இறங்கிப் போவார்கள். அப்படி என்ன பயம், பிரித்தால் தெரிந்துபோகிறது என்று அவர்களைப் பார்த்து நினைத்திருக்கிறாள். இன்றைக்குப் புரிகிறது. வகுப்பில் வைத்த சின்னப் பரீட்சைகளில் கனிஷ்கா பத்துக்கு ஒன்பது வாங்கி வந்திருக்கிறாள். வேறொரு அம்மாவாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். இவள் பக்கத்தில் யாருடி உட்காருகிறாள் என்று கேட்டாள். மோனிஷா என்று பதில் வந்தது. மோனிஷா நன்றாகப் படிக்கிற பெண், எனவே கனிஷ்கா பார்த்து எழுதுகிறாள், எனவே மிஸ் இடத்தை மாற்றி உட்காரவைத்தால் தெரிந்துவிடும், மாற்றி உட்காரவைத்திருக்கிறார், தெரிந்துவிட்டது, அதற்குத்தான் நாளைக்கு வரச்சொல்கிறார். இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி முடித்தாள். நாளைக்குக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, எங்கே போடு பார்க்கலாம் என்றால்? சாக்பீஸை வைத்துக்கொண்டு அது நிற்கும். எல்லாரும் பார்ப்பார்கள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அப்போது இவள் எந்தக் கையை நீட்டுவாள்? மெதுவாகப் படிக்கிற பிள்ளைகளைத் தனியாக ஒரு செக்‌ஷனில் போடப்போகிறார்கள் என்று குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள். அது வதந்தி என்று இன்னொருவர் எழுதினார். வதந்தி என்று சொன்னவரின் பிள்ளை முதல் ரேங்க், அவருக்கென்ன, சொல்லுவார்.

கணவன் தனபாலிடம் சொல்லலாம். மோட்டார் பம்ப் கம்பெனியில் சேல்ஸ், கரூர்ப் பக்கம் போனவன் சனிக்கிழமைதான் வருவான். அவனுக்கு இதொன்றும் தெரியாது. மகள் எழுதியதாக நினைத்து நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்து ஆபீஸில் காட்டியிருக்கிறான், எட்டு மட்டும் கொஞ்சம் படுத்திருக்கு, மத்தபடி எம்பொண்ணு எழுத்து எவ்வளவு தெளிவு பாருங்க என்று. அந்த எட்டு என்னுடையது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சிரிப்பான். சிரித்துவிட்டு, போய் மன்னிப்புக் கேட்டுட்டு வந்துரு, அவ்வளவுதானே என்பான். அவனுக்கு எல்லாம் அவ்வளவுதான். போனை எடுத்தாள், அவன் பெயருக்குப் போகாமல் மிஸ்ஸின் செய்திக்கே விரல் போயிற்று. நாளைக்கு எனக்கு முக்கியமான டியூட்டி இருக்கு மிஸ் என்று அடித்தாள். அழித்தாள். கொஞ்ச நாளாகப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று அடித்தாள். பிள்ளை உடம்பைப் பற்றிப் பொய் சொன்னால் பலித்துவிடும் என்று பயந்து அவசர அவசரமாக அழித்தாள். கூட யாரோ எழுதுகிற மாதிரி இருக்கிறதா மிஸ், என் தங்கை வந்திருந்தாள், அவள்தான் விளையாட்டாக, என்று அடித்தாள். அவளுக்குத் தங்கையே கிடையாது. இவள் அடிப்பதும் அழிப்பதும் அந்தப் பக்கத்தில் டைப்பிங் டைப்பிங் என்று காட்டிக்கொண்டிருக்குமே என்பது அப்போதுதான் உறைத்தது. போனை அரிசி டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டாள்.

குக்கர் விசில் அடித்தது. கனிஷ்கா சாக்ஸைக் கழற்றிவிட்டு, முகம் கழுவி, சொல்லாமலே வந்து உட்கார்ந்தாள். கூடத்தில் சுவரோரம் போட்டிருக்கும் சின்ன மேசை, ஒரு பக்கம் அவள், எதிர்ப் பக்கம் அம்மா. இது தினமும் நடக்கிற பூஜை. டைரியை எடுத்து என்ன ஹோம்வொர்க் என்று கனிஷ்கா வாசிப்பாள். கணக்கு நோட்டைத் திறந்து அம்மாவைப் பார்க்கத் திருப்பி வைப்பாள். பென்சிலைச் சீவி, கூர் பார்த்து, அம்மாவின் இடது பக்கமாக வைப்பாள். ரப்பரை அதற்குப் பக்கத்தில். அப்புறம் புத்தகத்தைப் பார்த்துக் கணக்கை உரக்கச் சொல்லுவாள், அம்மா எழுதுவாள், ரப்பர் தூளை ஊதிவிடுவது கனிஷ்காவின் வேலை. இன்றைக்கும் அதே மாதிரி எல்லாம் வைத்தாள். பென்சில் கட்டைவிரல் அளவுகூட இல்லை. இந்தப் பென்சில் மட்டும் எங்கேதான் போகிறதோ, வீட்டில் எழுதுவது நான், அதுவும் ஒரு பக்கம், பெட்டி பெட்டியாக வாங்கினாலும் மாதத்துக்குப் போதவில்லை, கடித்துத் தின்கிறாளோ என்று சசிரேகா முன்பே நினைத்ததுண்டு. கழித்தல் கணக்கும்மா, இந்தப் பக்கம் முழுசும், என்றாள் கனிஷ்கா. ஐநூத்தி மூணு, அதுல இருநூத்தி அறுபத்தேழு போனா என்று வாசித்துவிட்டு ஊதுவதற்குத் தயாராக வாயைக் குவித்துக்கொண்டாள்.

சசிரேகாவின் இடது கை பென்சிலை நோக்கிப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினாள். நடுவில் சைபர் இருக்கிறது. ஐநூற்று மூன்று. சைபரிடம் கடன் வாங்க முடியாது, அது பக்கத்தில் போய் வாங்கி வந்து கொடுக்க வேண்டும். பெரியவர்களே திணறுகிற இடம், இதில் பிள்ளை என்ன செய்யும். இன்றைக்கு வேண்டாம், நாளைக்குச் சுலபமான கணக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு எங்கே பார்த்துக்கொள்வது, நாளைக்குத்தான் பிரேயருக்கு முன்னால் வரச் சொல்லியிருக்கிறாரே. நோட்டைப் பிள்ளை பக்கம் திருப்பினாள்.

"இன்னைக்கு நீயே போடு கனி."

கனிஷ்கா குவித்த வாயை மூடினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பென்சிலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"கோவமா இருக்கியாம்மா?"

"இல்லடி. நீ போட்டு நான் பாக்கணும்னு ஆசையா இருக்கு."

ஆசையா இருக்கு என்று சொன்ன குரல் அவளுக்கே பிடிக்கவில்லை, டோக்கன் நம்பர் கூப்பிடுகிற குரலில் வந்திருந்தது. கனிஷ்கா பென்சிலை எடுத்தாள், தாளில் வைத்தாள், எழுதவில்லை. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்புவதாக இல்லை. எழுதேன். எழுது. எங்கே நின்றுவிட்டாள்? மூன்றில் ஏழு போகாது, அது தெரியுமா? தெரியாது. கடன் வாங்கணும், யாரிடம் வாங்கணும், சைபரிடம் ஒன்றும் இல்லையே, அங்கே நிற்கிறாள், அங்கேதான் நிற்பாள், எனக்குத் தெரியும், நான்தான் கெடுத்தேன், கையைக் காலை முடக்கிப்போட்ட மாதிரி பிள்ளையை உட்காரவைத்துவிட்டேன், இனி யார் வந்து தூக்கிவிடுவது? பிள்ளையின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். கனிஷ்கா நோட்டைப் பார்க்கவில்லை, மேசைக்கு இந்தப் பக்கம், அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சசிரேகாவும் பார்த்தாள். பென்சில் பெட்டியிலிருந்த ஸ்கேல் அவள் வலது கையில் இருந்தது. எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை. இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்கேல், பூனைப் படம் போட்டது, அதைப் பிடித்திருந்த பிடியில் விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. அப்பாவும் இப்படித்தான், தெரியாமலேயே எடுத்திருப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது, அந்த நினைப்பையும் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்கேலைப் பள்ளிப் பைக்குள், புத்தகங்களுக்கு அடியில் தள்ளி ஜிப்பை இழுத்து மூடினாள். பிறகு இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கனிஷ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தாள். ஐந்தை அடித்து மேலே நான்கு, சைபரை அடித்து ஒன்பது, மூன்றின் தலைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஒன்று. எங்கேயும் நிற்கவில்லை. இருநூற்று முப்பத்தாறு. அடுத்த கணக்கு. அதற்கு அடுத்தது. நாக்கின் நுனி உதட்டோரத்தில் எட்டிப் பார்க்க, விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தாள். சசிரேகா தலைகீழாகவே ஒவ்வொரு விடையாகச் சரிபார்த்தாள். சரி. சரி. இதுவும் சரி. பிள்ளைக்குத் தெரிகிறது, மோனிஷாவைப் பார்த்து எழுதவில்லை, என் தங்கத்துக்குத் தெரிகிறது. நாளைக்குக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கவைக்கட்டும், பள்ளிக்கூடத்தையே கூட்டிவைத்து நிற்கவைக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். என்ன ஒரு பைத்தியக்காரி நான், எத்தனை மாதம், எத்தனை பயம், எல்லாம் வீண் என்று அழுகையும் சிரிப்புமாக வந்தது. எழுந்து போய் அந்த முறுக்கையே ஒரு தட்டில் எடுத்துவந்து கொடுக்கலாம் என்று தொடைக்கு அடியிலிருந்து கையை உருவினாள்.

கடைசிக் கணக்கை முடித்த கனிஷ்கா நோட்டை மூடவில்லை. பென்சிலால் ஒவ்வொரு கணக்காகத் தொட்டுக்கொண்டே மேலிருந்து கீழே வந்தாள், கீழிருந்து மேலே போனாள். முதல் கணக்கில் நின்றாள். ரப்பரை எடுத்தாள். ஐந்தின் மேலிருந்த நான்கையும் அடித்த கோட்டையும், இருநூற்று முப்பத்தாறில் இருந்த இரண்டையும் பதமாக அழித்து, தூளை ஊதி, இரண்டு இருந்த இடத்தில் மூன்று என்று எழுதினாள். முந்நூற்று முப்பத்தாறு. நூறின் இடத்தில் கடன் வாங்கிவிட்டுக் குறைக்க மறந்த தப்பு. சசிரேகாவே யோசித்து வைத்திருந்தால் அதைத்தான் வைத்திருப்பாள்.

"ஏன் கனி அத மாத்துன? சரியாத்தானே இருந்துச்சு."

"ஒண்ணு தப்பா இருக்கணும்லம்மா," என்றாள் கனிஷ்கா, இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "அப்பத்தான நான் போட்டதுன்னு மிஸ் நம்புவாங்க."

வெளியே ஸ்கூட்டர் கிளம்பிப் போயிற்று. சசிரேகா மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டாள், கனிஷ்கா ரப்பரை உருட்டிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பரீட்சையிலும் ஒன்று தப்பாக வைப்பாளாம், வீட்டில் தப்புப் பண்ணுகிறவள் அங்கே மட்டும் எல்லாம் சரியாகப் போட்டால் மிஸ்ஸுக்குச் சந்தேகம் வராதா. கணக்கெல்லாம் மிஸ் சொல்லிக்கொடுத்த அன்றைக்கே தெரியுமாம். தப்பாப் போன கணக்கை மிஸ் பத்துத் தடவை எழுதச் சொல்லுவாராம், ரஃப் நோட்டில், அது வகுப்பு அலமாரியிலேயே இருக்கும், வீட்டுக்குக் கொடுத்துவிடமாட்டார்களாம். இண்டர்வெல்லில் மிஸ் டேபிளுக்குப் பக்கத்தில் நின்று எழுதிவிடுவாளாம். தினமும் ஒரு கணக்குத்தானே, பெல் அடிப்பதற்குள் முடிந்துவிடுமாம். முறுக்கு தின்பதற்குத்தான் நேரம் இருக்காதாம். சசிரேகா பிள்ளையின் கையை இழுத்துப் பார்த்தாள். நடுவிரலின் முதல் கணுவில், பென்சில் உட்காருகிற இடத்தில், சின்னதாக ஒரு காய்ப்பு இருந்தது. தினமும் குளிப்பாட்டுகிறாள், தினமும் சோறு ஊட்டுகிறாள், அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் வேனுக்குப் போகிறாள்.

"உனக்குத்தான் எல்லாம் தெரியுதே. நானே எழுதுறேன்னு ஏன்டி சொல்லல?"

கனிஷ்கா ரப்பர் உருட்டுவதை நிறுத்தினாள். சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது.

"நான் எழுதுனா நீ அழுவுற மாதிரி பாப்ப அம்மா. நீ எழுதுனா நல்லா இருப்ப."

சசிரேகா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழந்தைக்கு முன்னால் அழக்கூடாது என்று போனாள், அங்கே போனால் அழுகை வரவில்லை. குக்கர் மூடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நாளாகத் தான் பிள்ளையைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தாள். பிள்ளை காப்பாற்றியிருக்கிறது. துறையூர் வீட்டு நடுக்கூடத்தில் ஏழெட்டுக்கு நின்றுகொண்டிருந்த பெண்ணைத் தினமும் சாயந்திரம் எதிரே உட்காரவைத்து, பென்சில் சீவிக் கொடுத்து, தூளை ஊதிவிட்டு, மறுநாள் இண்டர்வெல்லில் அவளுக்குப் பதிலாக நின்று எழுதியும் கொடுத்திருக்கிறது. அரிசி டின் மேல் கவிழ்ந்திருந்த போனை எடுத்தாள். இந்தத் தடவை அழிக்காமல் அடித்தாள். வருகிறேன் மிஸ். கனிஷ்காவின் ஹோம்வொர்க்கை எழுதியது நான். தப்புகளும் நான் வைத்தவை. இம்போசிஷன் எழுதியது மட்டும் அவள். அனுப்பிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டு டிக்கும் நீலமாயின. பதில் வரவில்லை. மிஸ் பார்த்துவிட்டார், பதில் போடவில்லை. போடாவிட்டால் போகட்டும் என்று போனோடு கூடத்துக்கு வந்தாள்.

நாளைக்கு மிஸ்ஸைப் பார்க்க அம்மாவும் வருகிறாள், எல்லாம் நான்தான் எழுதினேன் என்று சொல்லப்போகிறாள் என்று கனிஷ்காவிடம் சொன்னாள். அந்த முதல் கணக்கைத் திரும்பச் சரி பண்ணிவிடு, இனிமேல் தப்பு வைக்கவே வேண்டாம் என்றும் சொன்னாள். கனிஷ்கா ஐந்தை மறுபடி அடித்து மேலே நான்கு எழுதி, மூன்றை அழித்து இரண்டைப் போட்டாள். இரண்டு தடவை ரப்பர் பட்டுத் தாள் அந்த இடத்தில் மெலிந்துபோயிருந்தது. பிறகு நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவின் அருகில் வந்து நின்றாள்.

"உனக்குப் பயமா இருக்காம்மா?"

"இருக்குடி."

"மிஸ் அடிக்கமாட்டாங்கம்மா. எழுதத்தான் சொல்லுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்கிற குரலில் சொன்னாள். "ஒவ்வொரு கணக்கா எழுதாத, லேட்டாயிரும். முதல்ல மேல இருக்கிற நம்பர மட்டும் பத்துத் தடவையும் எழுதிக்க. அப்பறம் கீழ் நம்பர் பத்து. கோடெல்லாம் கடைசியா சேத்துப் போட்டுக்கலாம். எட்டாவது ஒன்பதாவது தடவை வர்றப்ப விரல் வலிக்கும், அதுக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது."